தலைவிதியா, தரவேண்டிய கடனா?

எழும்பி வரும் மாடிக் கட்டடத்தைப் பாருங்கள், தோழர்களே! அதன் நெற்றியிலே கோரப்பல் காட்டும் திருஷ்டிப் பொம்மை தொங்குகிறது. வாயிலிலே பூசணிக்காய் ஆடுகிறது. எவன் கண்ணும் பட்டுவிடக் கூடாதாம்! கல்லுக்கு அத்துணைக் காவல். ஐந்தாம் மாடி விளிம்பிலே நின்று பூசும் கொத்தனாருக்கு? இடுப்பிலே பாதுகாப்புக் கச்சை இல்லை. கீழே வலை இல்லை. காலடியிலே ஆடும் சாரம் மட்டுமே உண்டு.

சாரம் சரிகிறது, மனிதன் வீழ்கிறான். உடனே கிளம்புகிறது பழைய பல்லவி: "அவன் விதி முடிந்தது, யார் என்ன செய்ய முடியும்?" நாம் கேட்கிறோம்: விதி ஏன் எப்போதும் சாரத்தின் மீதே ஏறுகிறது? முதலாளியின் மாளிகைக்கு அதற்கு வழி தெரியாதா?

2014 ஜூன் 28ஆம் நாள், சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில், கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் சரிந்தது. 61 பேர் மாண்டனர். பிழைப்புத் தேடி ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களும் அவர்களிலே இருந்தனர். இடி விழுந்ததால் இடிந்தது என்றும் பேசப்பட்டது! வானத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டால் மண்ணில் உள்ளவன் தப்பலாம் அல்லவா? அருகிலே நின்ற இணைக் கட்டடம், பாதுகாப்பற்றதென்று 2016 நவம்பர் 2ஆம் நாள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதன் பலவீனத்துக்கும் இடியா காரணம்?

சட்டம் விதியை ஏற்பதில்லை. 1923ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பிறந்தது. 2025 நவம்பர் 21 முதல், 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதன் இடத்தில் நிற்கிறது. அடிப்படை மாறவில்லை. வேலையின் காரணமாக, வேலையின்போது விபத்து நேர்ந்தால் முதலாளி ஈடு செய்யவேண்டும். அவர் தவறு செய்தார் என்று மெய்ப்பிக்கும் சுமை தொழிலாளிக்கு இல்லை. "குடித்திருந்தான்", "சொன்னபடி கேட்கவில்லை" என்று பழிசுமத்தி, மாண்டவன் குடும்பத்துக்குரியதை மறுக்க இயலாது. "அவன் மேஸ்திரியின் ஆள்" என்று கைகழுவவும் இயலாது. கட்டுவதையே தொழிலாகக் கொண்டவர், வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டாலும் பொறுப்பாளியே!

கணக்கும் உண்டு. மாத ஊதியத்தின் பாதியை, வயதுக்குரிய எண்ணால் பெருக்கவேண்டும். 30 வயதுக்கு அந்த எண் 207.98. 2020இல் வகுக்கப்பட்ட ரூ.15,000 ஊதிய வரம்பை வைத்துப் பெருக்கினால், மரண இழப்பீடு ரூ.15,59,850!

பிணவறை வாயிலிலே நடப்பதென்ன? ஐம்பதாயிரத்தை நீட்டி, வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கி, உடலை ஊருக்கு அனுப்பிவிட்டால், அதற்குப் பெயர் 'பெரிய மனசு'! பதினைந்து இலட்சம் கடன்பட்டவர் ஐம்பதாயிரத்தில் தருமவான் ஆகிறார்! அந்தக் கைநாட்டு உரிமையை அழிக்காது. உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்பது சட்டம். மரண இழப்பீட்டை உரிய அதிகாரியிடமே கட்டவேண்டும் என்பதும் சட்டம்.

இருந்தும் அந்த விதவை கேட்பதில்லை. ஏன்? "எல்லாம் என் தலையெழுத்து" என்று அவளுக்குக் கற்பித்துவிட்டார்கள்! மனுச் செய்ய ஈராண்டே தவணை. தலையெழுத்தை எண்ணி அழுவதிலேயே அது கரைகிறது. அவள் நம்பிக்கை அவளுக்குக் கஞ்சி வார்க்கவில்லை. முதலாளிக்குப் பதினைந்து இலட்சம் மிச்சப்படுத்தித் தருகிறது. விதி என்ற சொல்லால் இலாபம் அடைபவர் யாரென்று இனியுமா விளக்கவேண்டும்?

மூடநம்பிக்கையை மேடையிலே சாடினால் மட்டும் போதாது, இளைஞர்களே! உங்கள் ஊரில் ஒருவன் சாரத்திலிருந்து வீழ்ந்தான் என்று கேட்டால் அன்றே செல்லுங்கள். உடன் உழைத்தோர் கலைந்து வெளியூர் போகுமுன் அவர்கள் வாக்குமூலத்தை எழுதி வாங்குங்கள். முதல் தகவல் அறிக்கை, பிணக்கூறு ஆய்வறிக்கை, வயதுச் சான்று, கூலிக்கான ஆதாரம் ஆகியவற்றைத் திரட்டுங்கள். அந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, தொழிலாளர் துறைக்கு மனு எழுதுங்கள். ஆறுதல் சொல்ல ஊரே வரும். கணக்குக் கேட்க நாம் போகவேண்டும்!