காமிராக்கள் படையெடுத்தன!

2016-ம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி. வெள்ளிக்கிழமை.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அப்போது காலை 7 மணி. மக்கள் எழுந்து கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். "டுவிட்டர்" வரவில்லை. படம் காட்டும் "நெட்பிளிக்ஸ்" திறக்கவில்லை. பணம் அனுப்பும் "பேபால்" அசையவில்லை. "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகையின் இணையதளத்தையும் பலரால் பார்க்க முடியவில்லை.

தங்கள் கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்று பலர் நினைத்திருப்பார்கள். கோளாறு அங்கே இல்லை. டுவிட்டரிலும் இல்லை, நெட்பிளிக்சிலும் இல்லை.

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் மான்செஸ்டர் என்று ஓர் ஊர். அங்கே "டைன்" என்று ஒரு கம்பெனி. அதன் மீது ஒரு பெரிய படையெடுப்பு நடந்துகொண்டிருந்தது!

படையில் மனிதர்கள் இல்லை. திருடனைப் பிடிப்பதற்காக வீட்டு வாசலிலும் கடையிலும் மாட்டிய காமிராக்கள் இருந்தன. அந்தக் காமிராக்கள் எடுக்கும் படத்தைப் பதிவு செய்யும் பெட்டிகள் இருந்தன. இன்டர்நெட் தரும் வை-பை பெட்டிகள் இருந்தன. 1 லட்சம் கருவிகள் வரை இந்தப் படையில் சேர்ந்திருக்கலாம் என்று அந்தக் கம்பெனியே பிறகு கணக்குச் சொன்னது.

காமிராவின் சொந்தக்காரர்களுக்கு இது எதுவுமே தெரியாது!

விலாசம் சொல்லும் கம்பெனி

டைன் கம்பெனியின் வேலை என்ன? பெயரைச் சொன்னால் நம்பரைச் சொல்வது.

இன்டர்நெட்டில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நம்பர் உண்டு. அந்த நம்பர்களை மனிதர்கள் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. பெயரைத்தான் தட்டுகிறார்கள். அந்தப் பெயருக்கு உரிய நம்பரைத் தேடிச் சொல்ல, டைன் போன்ற கம்பெனிகள் இருக்கின்றன. டெலிபோன் டைரக்டரி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த டைரக்டரியைப் புரட்ட விடாமல் செய்துவிட்டார்கள். வீடு இருக்கிறது. வீட்டுக்காரரும் இருக்கிறார். விலாசம் சொல்லத்தான் ஆள் இல்லை.

அன்று ஒரே நாளில் மூன்று தடவை தாக்குதல் நடந்தது. மாலையில்தான் நிலைமை சீரடைந்தது.

திருடாத திருட்டு

இதில் யாரும் எதையும் திருடவில்லை. பூட்டை உடைக்கவில்லை. பிறகு எப்படி நாசம் வந்தது?

ரெயில்வே நிலையத்தில் டிக்கெட் கவுண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் பேர் வந்து வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் "மதுரைக்கு எத்தனை மணிக்கு வண்டி?" என்று கேட்கிறார். பதிலைக் கேட்டுவிட்டு டிக்கெட் வாங்காமல் மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நிற்கிறார். நிஜமாகவே ஊருக்குப் போக வேண்டிய குடும்பம், மூட்டை முடிச்சோடு வெளியே தவிக்கிறது. வண்டி போய்விடுகிறது.

இதற்குத்தான் "சேவை மறுப்புத் தாக்குதல்" என்று பெயர். ஒரே இடத்திலிருந்து தாக்கினால், அந்த ஆளை மட்டும் வெளியே தள்ளிவிடலாம். லட்சம் இடத்திலிருந்து தாக்கினால்? யார் பயணி, யார் போக்கிரி என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. தற்காப்பு வேலை முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது.

குமாஸ்தாவின் யுக்தி

இது புதிய வியாதி அல்ல. 1996-ம் ஆண்டு செப்டம்பரில் நியூயார்க்கில் "பானிக்ஸ்" என்ற இன்டர்நெட் கம்பெனியை இப்படி முடக்கினார்கள்.

இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசத் தொடங்குமுன் ஒரு வழக்கம் உண்டு. ஒன்று "பேசலாமா?" என்று கேட்கும். மற்றது "பேசலாம்" என்று சொல்லி, கேட்டவர் பெயரை நோட்டில் குறித்துக்கொண்டு காத்திருக்கும். கேட்டவர் "சரி" என்றதும் பேச்சு ஆரம்பம். எதிரிகள் என்ன செய்தார்கள்? பொய் விலாசத்தில் இருந்து "பேசலாமா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். "சரி" என்று சொல்ல யாரும் வரவில்லை. நோட்டு நிரம்பிவிட்டது. நிஜமான வாடிக்கைக்காரர் பெயரை எழுத இடம் இல்லை!

இதற்கு அதே ஆண்டில் ஒரு மாற்று கண்டுபிடித்தார்கள். டேனியல் பெர்ன்ஸ்டைன் என்ற நிபுணர் சொன்ன யோசனை அது. வெகு அழகான யோசனை. நோட்டில் எதையும் எழுதாதே. கேட்டவரிடமே ஒரு ரகசிய முத்திரை போட்ட சீட்டைக் கொடுத்து அனுப்பிவிடு. அந்தச் சீட்டோடு திரும்பி வந்தால் மட்டும் கவனி. பொய் விலாசக்காரனுக்குச் சீட்டே போய்ச் சேராது. அவன் எப்படித் திரும்பி வருவான்?

இன்றும் உலகம் எங்கும் கம்ப்யூட்டர்களில் இந்த யுக்தி இருக்கிறது.

பொய் விலாசம்

பொய் விலாசத்தால் இன்னொரு வினையும் உண்டு. எதிரியின் பெயரில் ஆயிரம் கடைகளுக்குக் கார்டு எழுதி, "உங்கள் விலைப்பட்டியலை அனுப்புங்கள்" என்று கேட்டால் என்ன ஆகும்? எழுதியவருக்கு ஆயிரம் கார்டுதான் செலவு. எதிரி வீட்டு வாசலில் புத்தக மூட்டை குவியும்!

2018-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி "கிட்ஹப்" என்ற இணையதளத்துக்கு இதுதான் நடந்தது. கம்ப்யூட்டர் நிபுணர்கள் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் இடம் அது. ஒரு சிறு கேள்விக்குப் பல்லாயிரம் மடங்கு பெரிய பதில் தரும் கம்ப்யூட்டர்கள் கவனிப்பார் இல்லாமல் திறந்து கிடந்தன. எதிரிகள் அவற்றிடம் கிட்ஹப்பின் பெயரில் கேள்வி கேட்டார்கள். வினாடிக்கு 1 லட்சத்து 35 ஆயிரம் கோடி "பிட்" அளவுக்குத் தகவல் வந்து மோதியது.

ஆனால் கிட்ஹப் 10 நிமிடத்துக்குள் எழுந்துவிட்டது. எப்படி? வந்த வெள்ளத்தை "அகமாய்" என்ற பெரிய கம்பெனியின் பக்கம் திருப்பிவிட்டார்கள். அந்தக் கம்பெனிக்குப் பல நாடுகளில் வடிகட்டும் நிலையங்கள் உண்டு. குப்பையைத் தள்ளி, நல்ல தண்ணீரை மட்டும் அனுப்புவது அவற்றின் வேலை.

பொய் விலாசத்தை ஆரம்பத்திலேயே தடுக்கவும் வழி இருக்கிறது. தபாலைப் பெட்டியில் போடும் இடத்திலேயே, "இந்த விலாசம் இந்தத் தெருவைச் சேர்ந்ததுதானா?" என்று பார்த்துவிடலாம். இன்டர்நெட் கம்பெனிகள் இப்படிச் செய்ய வேண்டும் என்று நிபுணர்கள் 2000-ம் ஆண்டு மே மாதமே எழுதி வைத்தார்கள். 18 ஆண்டுகளுக்குப் பிறகும் கிட்ஹப் மீது பொய் விலாசத் தபால் குவிந்தது என்றால், எல்லாக் கம்பெனிகளும் அதைச் செய்யவில்லை என்று அர்த்தம். செய்யாத கம்பெனிக்கு நஷ்டம் இல்லை. அடி விழுவது வேறு யாருக்கோ!

மூன்று வாலிபர்கள்

காமிராப் படையைத் திரட்டியது யார்? கதையின் விசித்திரமான பகுதி இதுதான்.

அமெரிக்காவில் மூன்று வாலிபர்கள். 20 வயதை ஒட்டியவர்கள். "மைன்கிராப்ட்" என்று சிறுவர்கள் ஆடும் கம்ப்யூட்டர் விளையாட்டு உண்டு. அந்த ஆட்டத்துக்குக் களம் அமைத்துக் கொடுத்துக் காசு சம்பாதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் களத்தை முடக்கினால், ஆட்டக்காரர்கள் அடுத்தவர் களத்துக்குப் போவார்கள். அந்தப் போட்டியில் மூவரும் ஊறியிருந்தார்கள்.

அவர்கள் எழுதிய திட்டத்தின் பெயர் "மிராய்". ஜப்பானிய மொழியில் "எதிர்காலம்" என்று பொருள்.

மிராய் செய்த வேலை மிகச் சாதாரணம். இன்டர்நெட்டில் கண்ட கண்ட நம்பர்களைத் தட்டும். காமிராவோ பெட்டியோ பதில் சொன்னால், பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கும். அதன் கையில் 60-க்கும் கொஞ்சம் அதிகமான பாஸ்வேர்டுகள்தான் இருந்தன. "அட்மின்", "12345" என்பது போல, தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்பிய பாஸ்வேர்டுகள்! வாங்கியவர்கள் அவற்றை மாற்றவே இல்லை. சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டது போல ஆயிற்று.

2016 ஆகஸ்டு முதல் தேதி மிராய் கிளம்பியது. முதல் 20 மணி நேரத்தில் சுமார் 65 ஆயிரம் கருவிகளைப் பிடித்தது. உச்சத்தில் சுமார் 6 லட்சம் கருவிகள் அதன் பிடியில் இருந்தன.

செப்டம்பர் மாதம் பிரையன் கிரெப்ஸ் என்ற பத்திரிகையாளரின் இணையதளத்தை அந்தப் படை தாக்கியது. இப்படிப்பட்ட தாக்குதலைக் கூலிக்குச் செய்பவர்களைப் பற்றித் துப்புத் துலக்கி எழுதுகிறவர் அவர். வினாடிக்கு 62 ஆயிரம் கோடி "பிட்" வந்து விழுந்தது. அதுவரை அவரை இலவசமாகக் காத்து வந்த கம்பெனி, "இனி தாங்காது" என்று விலகிக்கொண்டது. பிறகு கூகுள் கம்பெனி தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது. ஆதரவு கிடைத்திராவிட்டால்? எழுதியவர் வாயை 20 வயதுப் பையன்கள் அடைத்திருப்பார்கள்!

போலீசார் நெருங்குகிறார்கள் என்று தெரிந்ததும், அந்த மாதக் கடைசியில் மிராய் திட்டத்தை எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியே வீசிவிட்டார்கள். கும்பலில் தங்களை அடையாளம் காண முடியாது என்று கணக்கு. அதற்கு மூன்று வாரம் கழித்துத்தான் டைன் மீது படையெடுப்பு. அதைச் செய்தவர்கள் வேறு ஆட்கள்.

அவர்களில் ஒருவர் 2020 டிசம்பரில் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தாக்கியபோது அவர் மைனர். "சோனி" கம்பெனியின் "பிளேஸ்டேஷன்" விளையாட்டை முடக்குவதுதான் நோக்கமாம்! விளையாட்டை நிறுத்தப்போய், பாதி அமெரிக்காவின் காரியம் நின்றது.

மிராய் வாலிபர்களில் இருவர் நடத்திய தொழில் என்ன தெரியுமா? இதே தாக்குதலில் இருந்து மற்றவர்களைப் பாதுகாக்கும் கம்பெனி! வேலியே பயிரை மேய்ந்தது. ஒருவர் தான் படித்த ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர்களையே பல தடவை முடக்கியவர்.

அலாஸ்கா மாநிலத்தில் இருந்த போலீஸ் அதிகாரிகள்தான் துப்புத் துலக்கினார்கள். அமெரிக்க மத்தியப் போலீசான எப்.பி.ஐ.யின் ஆங்கரேஜ் கிளை அது. 2018 செப்டம்பரில் அங்கேயே தீர்ப்பு. மூவருக்கும் ஜெயில் இல்லை. 5 ஆண்டு கண்காணிப்பு, 2,500 மணி நேரம் சமூக சேவை, 1 லட்சத்து 27 ஆயிரம் டாலர் நஷ்டஈடு. போலீசாருக்கு உதவி செய்ததால் கோர்ட்டு இரக்கம் காட்டியது. ரட்கர்ஸ் வழக்கில் அந்த ஒருவருக்கு மட்டும் 86 லட்சம் டாலர் கட்டும்படி வேறு தீர்ப்பு வந்தது.

குளிரில் இரண்டு கட்டிடங்கள்

"டுவிட்டர் அரை நாள் வராவிட்டால் என்ன குடி முழுகிவிடும்?" என்று சிலர் கேட்கலாம்.

அதே 2016-ல் நவம்பர் மாதத்தில் பின்லாந்து நாட்டின் லப்பேன்ரன்டா நகரத்தில் ஒரு சம்பவம். இரண்டு குடியிருப்புக் கட்டிடங்களில் வெந்நீரையும் அறைச் சூட்டையும் ஒரு கம்ப்யூட்டர் கவனித்து வந்தது. இப்படி ஒரு தாக்குதலில் அது சிக்கியது. தன்னைத் தானே அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டது. சூடு நின்றது. அங்கே நவம்பர் மாதம் என்றால் உறைபனிக் காலம். இன்டர்நெட் இணைப்பைத் துண்டித்துத்தான் அதை மீட்டார்கள்.

யார் பொறுப்பு?

காமிரா வாங்கியவர் மீது பழி போடுவது சுலபம். அது நியாயம் ஆகாது. பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? சில கருவிகளில் மாற்றவே முடியாதபடி பாஸ்வேர்டைப் பதித்து விற்றார்கள். அவர் காமிரா நன்றாகத்தான் படம் எடுத்தது. அது ராத்திரி வேலையாக வேறு ஒருவரை அடிக்கப் போனது அவருக்கு எப்படித் தெரியும்?

பூட்டு இல்லாத கதவைச் செய்தவன்தான் முதல் பொறுப்பாளி. விலையில் நாலு காசு குறைக்கப் பாதுகாப்பைக் கழித்தார்கள். லாபம் அவர்களுக்கு. நஷ்டம் ஊருக்கு. கண்டித்துப் பேசினால் இது தீராது. சட்டம்தான் வர வேண்டும். வந்தும் இருக்கிறது.

கலிபோர்னியா மாநிலத்தில் 2020 ஜனவரி முதல் தேதியில் இருந்து எல்லாக் கருவிக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டு விற்கக் கூடாது. கருவிக்கு ஒன்றாகத் தனித்தனியே போட வேண்டும். அல்லது வாங்கியவர் புதியது போட்ட பிறகுதான் கருவி வேலை செய்ய வேண்டும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் இதே மாதிரி சட்டம். மீறினால் 1 கோடி பவுன் வரை அபராதம். இந்தியாவிலும் கண்காணிப்புக் காமிராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்று மத்திய சர்க்கார் 2024-ல் உத்தரவு போட்டது. 2025 ஏப்ரலில் அது அமலுக்கு வந்தது.

சட்டம் வருமுன் விற்ற காமிராக்கள்? அவை இன்னும் வீடுகளிலும் கடைகளிலும் தொங்குகின்றன. வெளியே வீசிய மிராய் திட்டத்தைப் பலர் எடுத்துப் புதுப் புதுப் பெயரில் மாற்றி எழுதியிருக்கிறார்கள்.

அத்தகைய காமிரா வீட்டில் இருந்தால், முதலில் இன்டர்நெட் இணைப்பைப் பிடுங்க வேண்டும். பிறகு கருவியை அணைத்துப் போட வேண்டும். மிராய் கருவியின் தற்காலிக நினைவில்தான் குடியிருக்கும், அணைத்தால் அழிந்துவிடும். ஆனால் பழைய பாஸ்வேர்டோடு மறுபடி இணைத்தால், சில நிமிடத்தில் திரும்ப வந்து புகுந்துவிடும். எனவே பாஸ்வேர்டை மாற்றிய பிறகே இணைக்க வேண்டும். மாற்ற வழி தெரியாவிட்டால், காமிராவை மாட்டிக் கொடுத்த ஆளைக் கூப்பிட்டுக் கேட்கலாம். அவர் "அதெல்லாம் தேவை இல்லை, சார்" என்று சொல்லக்கூடும். விடாமல் மாற்றச் சொல்லுங்கள்.