களையோடு பயிரும் போகும்

ஐம்பதாயிரம் வரிகள் கொண்ட ஒரு ஃபைல். அதில் பாதி குப்பை: வெற்று வரிகள், பக்கத்துக்குப் பக்கம் திரும்பி வரும் தலைப்பு, தனியே நிற்கும் பக்க எண்கள். கையால் அழிக்க ஒரு வாரம் போதாது. எடிட்டர் சாஃப்ட்வேர்களில் இருக்கும் 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' என்ற குறியீட்டு முறைக்கு இது சில நொடி வேலை.

இந்தச் சொல்லைத் தேடு என்பதற்குப் பதில், இப்படிப்பட்ட வரியைத் தேடு என்று சொல்ல வைக்கிறது இது. ^ என்றால் வரியின் தொடக்கம், $ என்றால் முடிவு. இரண்டும் ஒட்டி நின்றால் வெற்று வரி. ^[0-9]+$ என்றால் எண்களைத் தவிர வேறெதுவும் இல்லாத வரி.

குறியீட்டுக்கு விதை போட்டவர் அமெரிக்கக் கணித அறிஞர் ஸ்டீபன் கிளேனி. நரம்பு வலைகள் பற்றிய அவரது 1951ஆம் ஆண்டு ஆய்வில் இது பிறந்தது. எடிட்டருக்குள் கொண்டுவந்தவர் கென் தாம்சன். 1969இல் யூனிக்ஸுக்காக அவர் எழுதிய 'எட்' எடிட்டரில் 'ஜி' என்று தொடங்கி, சாய்கோடுகளுக்கிடையே குறியீட்டைக் கொடுத்து, 'டி' என்று முடித்தால் பொருந்தும் வரிகள் எல்லாம் காலி. 'டி'க்குப் பதில் 'பி' என்றால் அந்த வரிகளைக் காட்டுவதோடு சரி. 'கிரெப்' என்ற புகழ்பெற்ற தேடல் கருவியின் பெயரே இந்த 'பி' கட்டளையிலிருந்து வந்ததுதான்.

ஆபத்து புள்ளியில் இருக்கிறது. இந்தக் குறியீட்டில் புள்ளி என்றால் ஏதாவது ஓர் எழுத்து. 3.5 சதவீத வரி விதிக்கப்பட்ட பொருள்களை நீக்க நினைத்து 3.5 என்று கொடுத்தால், 1325 ரூபாய்ச் சரக்கும் பட்டியலிலிருந்து மறையும். எச்சரிக்கை எதுவும் வராது. புள்ளியைப் புள்ளியாகவே கொள்ள, அதன் முன் பின்சாய்கோடு வேண்டும்.

தமிழில் இன்னொரு கண்ணி. யூனிகோடில் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் கொக்கியும் தனித்தனிக் குறிகள். 'தமிழ்' நமக்கு மூன்றெழுத்து, கம்ப்யூட்டருக்கு ஐந்து. மூன்றெழுத்துச் சொல் மட்டுமே உள்ள வரிகளை நீக்க ^...$ என்று கட்டளையிட்டால், பல எடிட்டர்களில் 'தமிழ்' தப்பிவிடும். இரண்டெழுத்துக் 'கல்' அழிந்துவிடும்.

அனுபவசாலிகள் ஃபைலைப் பிரதியெடுத்துக்கொண்டு, முதலில் 'பி' போட்டுப் பொருந்தும் வரிகளைப் படித்துப் பார்க்கிறார்கள். 'டி' அதற்குப் பிறகுதான்.