துறைமாற்றமும் இலவசக் கல்வியும்

வேறொரு துறையிற் பட்டம் பெற்றவர்கள் முதுமாணிப் படிப்பிற்குக் கணினி விஞ்ஞானத்தை நாடுவது கண்டு யாழ்ப்பாணத்துக் கல்விமான்கள் சிலர் முகஞ்சுளிக்கின்றனர். விலங்கியலும் பொருளியலும் படித்தவர்களுக்கு அங்கே என்ன வேலை என்பது அவர்தம் கேள்வி. துறையின் தூய்மையைக் காக்கப் புறப்பட்ட இக்கேள்வி, அத்துறையின் வரலாற்றையே அறியாத கேள்வியாகும்.

கணினி விஞ்ஞானம் பிறதுறையினர் பெற்றெடுத்த பிள்ளை. நெதர்லாந்தின் டைக்ஸ்ட்ரா பௌதிகவியல் பயின்றவர். 1957இல் அவர் மணம் புரிந்தபோது, தொழில் 'நிரலாளர்' எனப் பதிய அம்ஸ்ரடாம் நகராட்சி மறுத்தது. அப்படியொரு தொழிலே இல்லையாம்! ராஜ் ரெட்டி சென்னை கிண்டியிற் படித்தது குடிசார் பொறியியல். 1966இல் ஸ்ரான்போர்ட்டிற் கணினி விஞ்ஞானக் கலாநிதியானார். 1994இல் ரூறிங் விருது பெற்றார். நம் நாட்டிற் கணினிக் கல்விக்கு வித்திட்ட வி. கே. சமரநாயக்காவோ கணிதத் துறையினர். இவர்களையெல்லாம் வாயிலில் மறித்திருந்தால், இன்று காப்பதற்குத் துறையே இருந்திராது.

துறையைத் தெரிவது யார்? பதினாறு வயதிற் பிள்ளை உயர்தரப் பிரிவைத் தெரிகின்றது என்பது உபசார வார்த்தை. டாக்குத்தர், எஞ்சினியர் என்ற இரு மந்திரங்களை உருவேற்றும் குடும்பமும், பாடசாலையில் எந்த ஆசிரியர் உண்டு என்பதும், எந்த ரியூட்டறிக்குப் பணங்கட்ட இயலும் என்பதுமே அதனைத் தீர்மானிக்கின்றன. கணித ஆசிரியரில்லாத கிராமத்துப் பிள்ளை கலைப்பிரிவிற்குப் போகின்றது. அதற்கு 'இயல்பான நாட்டம்' என்று நாம் பெயரிடுகின்றோம்! 1970களின் தரப்படுத்தல் பல்கலைக்கழக வாயிலில் இழைத்த அநீதியை எதிர்த்துக் குரலெழுப்பிய நாம், உள்ளே அறைக்கும் அறைக்குமிடையே நிற்கும் சுவரைப் பற்றி வாய்திறவோம். 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணத் தெருவிலிருந்து போராடியபோது, பிழையான பாடத்தைப் படித்தார்கள் என்று சொல்லி ஒதுங்கினோரும் உளர்.

இதனினுங் கொடிய சுவர் பணம். 1945இல் மலர்ந்த இலவசக் கல்வி முதற்பட்டத்தோடு நின்றுவிடுகின்றது. முதுமாணி வகுப்பிற்குக் கட்டணம் உண்டு. வார இறுதி வகுப்பு கொழும்பிலாயின் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் பயணமும் தங்குமிடச் செலவும் உண்டு. வெளிநாட்டுப் பணம் வரும் வீட்டுப் பிள்ளை துறை மாறும். சீவல் தொழிலாளியின் மகளும் தோட்டக் கூலியின் மகனும் எங்ஙனம் மாறுவர்? முகஞ்சுளிப்போர் காக்கும் தூய்மை காசுள்ளவரைத் தடுப்பதில்லை, காசற்றவரையே தடுக்கின்றது.

அடிப்படைக் கணிதம் அறியாதோரைச் சேர்த்தால் தரம் குன்றும் என்பர். தரம் வேண்டும், மறுப்பார் எவருமிலர். தர்க்கம், கணிதம், நிரலாக்கம் கற்பிக்கும் ஓராண்டு இணைப்புக் கல்வியை யாழ்ப்பாணத்திலேயே இலவசமாக நடாத்துங்கள். தமிழிற் பயின்ற கலைப் பட்டதாரிக்கு ஆங்கிலத்தையும் அங்கேயே புகட்டுங்கள். இறுதியிற் பரீட்சை வையுங்கள், தேறாதவரை நிறுத்துங்கள். குடாநாட்டில் மின்சாரமே அற்றிருந்த 1990களின் தொடக்கத்திற் கணினி விஞ்ஞானத் துறையை நிறுவிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற்கு இஃது இயலாத காரியமன்று.

துறை மாறுவோர்க்கும் ஒரு வார்த்தை. பழைய படிப்பைக் கழற்றியெறிந்துவிட்டு விசாவிற்கு வரிசையில் நிற்பது மட்டும் துறைமாற்றமாகாது. நமது கிணறுகளில் நைத்திரேற்று ஏறுவதை அறிந்த விவசாயப் பட்டதாரியும், தமிழிலக்கணம் கற்ற கலைமாணியும் கணினிக்குக் கொண்டுவரும் அறிவு, கணினி மட்டுமே கற்றவரிடம் இல்லை. அவ்வறிவு இம்மண்ணுக்குப் பயன்பட வேண்டும். அதற்கான வாயிலைக் கட்டணமின்றித் திறக்குமாறு மாணவர் சங்கங்களும் ஆசிரியர் சங்கங்களும் இன்றே குரலெழுப்புதல் வேண்டும்.