ஆரணிப் பட்டும் ஜினீவா நாற்காலியும்

கல்யாணப் புடவை எடுக்கப் போகும் சகோதரிகள் சாயம் நிற்குமா, ஜரிகை கறுக்குமா, விலை படியுமா என்றுதான் பார்ப்பார்கள். அந்தப் புடவைக்கும் ஜினீவா நகரத்துக்கும் சம்பந்தம் உண்டு என்றால், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சா என்று சிரிப்பீர்கள். முடிச்சு இருக்கத்தான் இருக்கிறது!

ஆரணியில் பட்டு நெசவு வீட்டுத் தொழில். கணவர் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தால், மனைவி பக்கத்தில் தார் சுற்றுவாள். நூல் கர்நாடகத்திலிருந்தும், ஜரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. காஞ்சிபுரத்துப் புடவையைவிட எடையும் விலையும் சற்றுக் குறைவு. ஆகவே நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகிறது. 'ஆரணிப் பட்டு' என்ற பெயர்தான் இந்தக் குடும்பங்களின் சொத்து. விசைத்தறித் துணிக்கு யாரோ அந்தப் பெயரை ஒட்டி விற்றால், கைத்தறிக்காரர் வாயில் மண்தான்.

இனி ஜினீவாவுக்குப் போவோம். 1995 ஜனவரி 1-ல் உலக வர்த்தக ஸ்தாபனம் பிறந்தது. அதன் பொதுக் குழுவுக்கு முதல் தலைவராக அமர்ந்தவர் சிங்கப்பூர் ஸ்தானிகர் கே. கேசவபாணி. இந்திய வம்சாவளியினர், வெளியுறவு இலாகாவிலேயே உத்தியோகம் பார்த்து உயர்ந்தவர். அங்கே பெரும்பான்மை வோட்டு எடுத்து முடிப்பது வழக்கமல்ல. கூட்டத்தில் ஒரு நாடு "ஒப்பவில்லை" என்றாலும் காரியம் நின்றுவிடும். சம்பந்தம் பேசுகிறவர் இரு வீட்டாரையும் தனித்தனியே பார்த்து, யாருக்கும் முகம் வாடாமல் முடிப்பாரே, ராஜதந்திரியின் வேலையும் அப்படித்தான். கேசவபாணி பிறகு மலேசியாவில் சிங்கப்பூரின் ஹை கமிஷனராக இருந்தார். 2002 முதல் பத்து வருஷம் தென்கிழக்காசிய ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்து, நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட சோழர் கடற்படையைப் பற்றிய நூலுக்கும் பதிப்பாசிரியர்களில் ஒருவரானார்.

அந்த ஸ்தாபனத்தின் ஒப்பந்தங்களில் ஒன்று, ஊர்ப் பெயரால் சிறந்த சரக்குக்குக் காப்பு அளிக்கிறது. அதையொட்டி இந்தியாவில் 1999-ல் புவிசார் குறியீட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. ஆரணிப் பட்டும் அதில் பதிவு பெற்றது. பெயரைப் பொய்யாக ஒட்டினால் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை!

ஆனால் ஓர வஞ்சனையும் உண்டு. ஒயினுக்கும் சாராயத்துக்கும் வேலி உயரம். ஊர்ப் பெயரோடு 'மாதிரி' என்று சேர்த்துப் போடுவதும் கூடாது. பட்டுக்கோ, வாங்குகிறவர் ஏமாறுவார் என்று காட்டினால்தான் காப்பு. இந்தியா சம உரிமை கேட்டும் சம்மதம் கிட்டவில்லை.

சுங்கவரியும் லேசான விவகாரமல்ல. 2011 பட்ஜெட்டில் கச்சாப் பட்டுக்கு இறக்குமதி வரி 30 சதவிகிதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. நூல் வாங்கும் நெசவாளிக்கு அது நல்ல செய்தி. பட்டுப்புழு வளர்க்கும் விவசாயிக்கோ இடி. 2013-ல் வரி 15 ஆக ஏறிற்று. இரண்டு பேரும் நம்மவர்களே! சீனாவும் சேர்ந்த பதினைந்து நாட்டு வட்டார வர்த்தக ஒப்பந்தத்தில் சேராமல் 2019 நவம்பரில் இந்தியா ஒதுங்கிக்கொண்டதற்கும் இத்தகைய கவலைகளே காரணம். வரியில்லா வாணிபம் நல்லதா, கெட்டதா என்று ஒரே வார்த்தையில் கேட்டால் பதில் கிடைக்காது. எந்தச் சரக்குக்கு, எந்த வருஷம், யார் வீட்டுக்கு என்று கேட்க வேண்டும்.

ஜினீவாவில் போட்ட வேலியைக் காப்பது கடைவாசலில் நிற்கும் நீங்கள்தான். சுத்தப் பட்டு என்பதற்கு 'சில்க் மார்க்', கைத்தறி என்பதற்குக் கைத்தறி முத்திரை, ஊருக்குப் புவிசார் குறியீடு. கடைக்காரரிடம் இம்மூன்றையும் கேளுங்கள். அவர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும். ஆரணியில் ஒரு தறி ஓயாமல் ஓடும்.