தண்ணீரில் மைலேஜ்: யார் காதில் பூ?

தமிழ்நாட்டில் அவ்வப்போது ஒரு எரிபொருள் அதிசயம் பிறக்கும். 1996-ல் ராமர் பிள்ளையின் மூலிகை பெட்ரோல். இலையையும் தண்ணீரையும் போட்டுக் கலக்கினால் பெட்ரோல் என்றார்கள், நாடே வாயைப் பிளந்தது. கடைசியில் அறிவியல் சோதனையில் அது தேறவில்லை. அதே 1996-ல் அமெரிக்காவில் ஸ்டான்லி மேயர் என்பவர் தண்ணீரில் கார் ஓட்டுவதாகச் சொல்லிப் பணம் வாங்கியதை ஒஹையோ நீதிமன்றம் மோசடி என்று சொல்லி, பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. ஆக, காதில் பூ சுற்றுவது உலகப் பொதுத் தொழில்!

இப்போது இலை போய் பாட்டில் வந்திருக்கிறது. பெயர் எச்.எச்.ஓ. கிட். ஒரு பிளாஸ்டிக் பாட்டில், அதற்குள் சில ஸ்டீல் தகடுகள், காஸ்டிக் கலந்த தண்ணீர், பைக் பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர். கரண்ட் பாய்ந்தால் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வரும். அதை டியூப் வழியாக இன்ஜினுக்குள் விட்டால் மைலேஜ் எகிறும் என்கிறார்கள். செலவு சில ஆயிரம் ரூபாய்.

வாயு வருவது உண்மைதான். மைலேஜ் எங்கிருந்து வரும்?

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க பெரிய அறிவியல் தேவையில்லை. போர்செட் மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. அந்தத் தண்ணீரைக் கீழே விழவைத்து, கரண்ட் எடுத்து, அதே மோட்டாரை ஓட்டி, மிச்சக் கரண்டில் வீட்டுக்கும் லைட் போடலாம் என்று ஒருவர் சொன்னால் திருவையாற்று விவசாயி என்ன செய்வார்? சிரிப்பார். மேட்டூரில் கரண்ட் எடுக்க முடிகிறதென்றால், வெயிலும் மழையும் அந்தத் தண்ணீரைக் குடகு மலைக்கு ஏற்றிவைத்ததால்தான். பாட்டிலில் இருப்பதோ ஏற்கெனவே கீழே விழுந்துவிட்ட தண்ணீர். இன்னும் சரியாகச் சொன்னால், தண்ணீர் என்பது எரிந்து முடிந்த ஹைட்ரஜன். அடுப்புச் சாம்பல் மாதிரி. அதை மறுபடி விறகாக்க, எரிந்தபோது வந்ததைவிட அதிகமாகத்தான் செலவழிக்க வேண்டும்.

கணக்குப் போட்டே பார்ப்போம். 12 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் 60 வாட். ஆறு அறைகளைத் தொடராக இணைத்த நல்ல செட்டப்பில்கூட ஒரு மணி நேரத்துக்கு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேல்தான் ஹைட்ரஜன் வரும். அதன் சக்தி சுமார் 4 மில்லி பெட்ரோலுக்குச் சமம். அந்த 60 வாட் கரண்ட் சும்மா வருமா? இன்ஜின்தான் சுற்றித் தர வேண்டும். பெட்ரோலின் சக்தியில் கால் பங்கைத்தான் இன்ஜின் வேலையாக மாற்றும். அதில் பாதியை கரண்ட் எடுக்கும் காயில் தின்றுவிடும். ஆக மொத்தம் சுமார் 50 மில்லி பெட்ரோல் செலவு. ஐம்பதைக் கொடுத்து நாலை வாங்குவதற்குப் பெயர் சேமிப்பா?

உடனே அடுத்த வசனம் வரும்: "சக்திக்காக இல்லை சார், பெட்ரோலை முழுசா எரிக்கத்தான்!" நல்ல நிலையில் உள்ள இன்ஜினில் எரியாமல் போகும் பெட்ரோலே சில சதவீதம்தான். அதை முழுக்க எரித்தாலும் 30 சதவீத மைலேஜ் எப்படிக் கூடும்?

பி.எஸ்.-6 வண்டி என்றால் கதை இன்னும் மோசம். புகையில் ஆக்சிஜன் கூடியதாக சென்சார் சொல்லும், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிவிடும். அந்த சென்சாரை ஏமாற்றவும் தனியாக ஒரு பெட்டி விற்கிறார்கள்!

ஹைட்ரஜனே பொய் என்று அர்த்தமில்லை. டெல்லியில் 2020 அக்டோபரில் 50 பஸ்களில் சி.என்.ஜி.யோடு ஹைட்ரஜன் கலந்து சோதனை தொடங்கினார்கள். அங்கே ஹைட்ரஜனைத் தயாரித்தது டிப்போவில் இருந்த ஆலை, பஸ்ஸின் பேட்டரி அல்ல.

இதில் ஏமாறுவது யார்? காரில் போகிறவர் இல்லை. ஒரத்தநாட்டிலும் பாபநாசத்திலும் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் இரண்டு உர மூட்டை ஏற்றிக்கொண்டு போகிறாரே, அவர்தான். அவருக்குச் சில ஆயிரம் என்பது குறுவை நடவுக் கூலி. போதாததற்கு பேட்டரி சாகும், காஸ்டிக் தெறித்தால் கண் போகும், பாட்டிலில் சேர்ந்த வாயு ஒரு பொறி பட்டால் வெடிக்கும்.

2017-ல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தபோது ஊரே திரண்டு கேள்வி கேட்டது. ஹைட்ரோகார்பனிடம் கேட்ட கேள்வியை ஹைட்ரஜன் பாட்டிலிடம் மட்டும் ஏன் கேட்கக்கூடாது?

கிட் விற்பவர்களுக்கு ஒரு சவால். தஞ்சாவூர் - கும்பகோணம், சுமார் 40 கிலோமீட்டர். ஒரே வண்டி, ஒரே ஆள், ஒரே வேகம். பத்து முறை ஓட்டட்டும். ஐந்து முறை கிட் ஆன், ஐந்து முறை ஆஃப். எப்போது ஆன், எப்போது ஆஃப் என்பது ஓட்டுபவருக்குத் தெரியக்கூடாது. ஒவ்வொரு முறையும் டேங்கை நிரப்பி அளக்கட்டும். ஜெயித்தால் தாராளமாக விற்கட்டும்.

அதுவரை டயரில் சரியான காற்று, சுத்தமான ஏர் ஃபில்டர், எண்ணெய் போட்ட செயின், நாற்பது ஐம்பதில் நிதான ஓட்டம். மைலேஜுக்கு இதுதான் வழி. பாட்டில் தண்ணீரை வயலுக்கு ஊற்றலாமே என்றால் அதற்கும் வழியில்லை. காஸ்டிக் கலந்தது, நாற்று கருகிவிடும்!