தாத்தா எங்கே போனார்?

பேருந்து நிலையத்தில் கையில் திணிக்கப்படும் துண்டுப் பிரசுரங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும்: இன்றிரவு நீங்கள் இறந்தால் எங்கே போவீர்கள்? கொடுப்பவர் பதிலையும் கையோடு கொண்டுவந்திருப்பார். அவரைத் திணறவைக்க ஒரே வழி, “என்னை விடுங்க, எங்க தாத்தா எங்கே போனார்?” என்று திருப்பிக் கேட்பதுதான்.

கடவுள் நல்லவரென்றால் துன்பம் ஏன், மூவர் எப்படி ஒருவராக இருக்க முடியும், ஜெபத்துக்கு ஏன் பதில் வரவில்லை என்றெல்லாம் கிறிஸ்தவத்தைப் பார்த்துக் கேட்பவர்கள் உண்டு. அவற்றை விசுவாசம் இல்லாதவரும் கேட்கலாம். பட்டிமன்றம் வைத்தும் பேசலாம். தாத்தா கேள்வி அப்படியல்ல. அதைக் கேட்பவர் பெரும்பாலும் ஞானஸ்நானம் வாங்கியவர். நம் ஊரில் எந்த வேதக்காரக் குடும்பத்தை எடுத்தாலும், மூன்று தலைமுறையோ பதினைந்து தலைமுறையோ பின்னால் போனால், இயேசுவின் பெயரே காதில் விழாமல் கண்ணை மூடிய ஒருவர் இருப்பார். அவர் மறுத்தவரில்லை, எதிர்த்தவரில்லை. அவரிடம் யாரும் வந்து சொல்லவேயில்லை.

இந்தக் கேள்வியிடம் நன்றாக மாட்டிக்கொண்டவர் புனித சவேரியார். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, தெருத்தெருவாக மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் மந்திரங்களை மனப்பாடம் செய்யவைத்தவர். கை ஓய்ந்துபோகும் அளவுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாகக் கடிதத்தில் எழுதியவர். தமிழ் அவருக்குச் சரியாக வரவில்லை, மொழிபெயர்ப்பவர்களை நம்பித்தான் வேலை நடந்தது. தாத்தாவைப் பற்றி நம் கடற்கரையில் யாராவது கேட்டிருந்தாலும் அவர் காதில் எவ்வளவு விழுந்திருக்குமோ!

ஜப்பானில் தப்பிக்க முடியவில்லை. 1549 ஆகஸ்டில் ககோஷிமாவில் இறங்கியவர், அங்கே இரண்டு ஆண்டுக்கு மேல் இருந்தார். திரும்பிவந்து, 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து ஐரோப்பாவிலிருந்த சபைத் தோழர்களுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார். ஜப்பானியர்கள் விடாமல் கேட்டார்களாம். உங்கள் கடவுள் இவ்வளவு இரக்கமுள்ளவரென்றால், நீங்கள் வரும்வரை எங்களுக்கு ஏன் தன்னைக் காட்டவில்லை? அவரை வணங்காதவர்களுக்கு நரகம் என்றால், எங்கள் முன்னோர்கள்மேல் அவருக்கு இரக்கமே இல்லையா?

சவேரியார் சொன்ன பதிலைக் கவனிக்க வேண்டும். கொலை தப்பு, திருட்டு தப்பு என்பது சீனாவிலிருந்து மதங்கள் வருவதற்கு முன்பே உங்களுக்குத் தெரியும். மலையில் தனியாக வளர்ந்த ஒருவனைக் கேட்டாலும் சொல்வான். அந்தச் சட்டத்தை மனதில் எழுதியவர் கடவுள்தான் என்றார். கேட்டவர்கள் சமாதானமானார்கள் என்று எழுதுகிறார். அடுத்து அவர் எழுதுவதைப் பார்த்தால் அந்தச் சமாதானம் நிலைக்கவில்லை. ஜெபமோ தானதர்மமோ செய்து எங்கள் அப்பா அம்மாவை நரகத்திலிருந்து மீட்க முடியாதா என்று கேட்டிருக்கிறார்கள். முடியாது என்றிருக்கிறார். அவர்கள் அழுதார்கள். வழியில்லாத ஒன்றுக்காகத் தன் அன்பு நண்பர்கள் அழுவதைப் பார்த்துத் தனக்கும் மனம் பொறுக்கவில்லை என்கிறார்.

அவருடைய பதிலைவிட அவருடைய வருத்தத்தில்தான் எனக்கு நம்பிக்கை. சரியான பதிலைச் சொல்லிவிட்ட திருப்தியோடு அவர் அந்தக் கடிதத்தை முடித்திருக்கலாம், மனம் வரவில்லை.

சவேரியார் நம் கடற்கரைக்கு வந்த அதே 1542-இல், ஜெர்மனியில் மார்ட்டின் லூத்தர் ஒரு சிறு நூல் எழுதினார். கரு கலைந்த, ஞானஸ்நானத்துக்கு முன்பே குழந்தையைப் பறிகொடுத்த தாய்மார்களுக்கானது. வயிற்றுப் பிள்ளைக்காகத் தாய் விடும் பெருமூச்சைக் கடவுள் ஜெபமாக ஏற்றுக்கொள்கிறார் என்று அதில் ஆறுதல் சொல்கிறார். எதிராளியை எழுத்தில் கிழித்துத் தொங்கவிடும் மனிதர், இங்கே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். அதே ஆண்டு செப்டம்பரில் அவருடைய மகள் மக்தலேனா 13 வயதில் இறந்தாள்.

கத்தோலிக்கர்களான எங்களுக்கு அந்தக் குழந்தைகள் விஷயத்தில் இருந்தது லிம்போ. ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்கும் நரகம்தான், ஆனால் மிக இலேசான தண்டனை என்று 5-ஆம் நூற்றாண்டில் அகுஸ்தினார் சொல்லிவைத்தார். பிற்கால இறையியலாளர்களுக்கு அதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வேதனையும் கிடையாது, கடவுளின் தரிசனமும் கிடையாது என்று ஓர் இடத்தை ஒதுக்கினார்கள். பங்காளித் தகராறில் ஊர்ப் பெரியவர்கள் செய்துவைக்கும் ராஜி மாதிரி. இரு தரப்புக்கும் முழு நியாயம் இல்லை, சண்டை மட்டும் நிற்கும். இதற்குப் பயந்துதான் அவசர ஞானஸ்நானம். பிழைக்காது என்று தெரிந்த குழந்தையின் தலையில் மருத்துவச்சியோ நர்ஸோ தண்ணீர் ஊற்றி, தந்தை, மகன், தூய ஆவியின் பெயரைச் சொன்னால் போதும். சொல்பவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. திருச்சபையின் எண்ணப்படி செய்ய நினைத்தால் செல்லும். அந்த அளவுக்கு அவசரம்.

2007 ஏப்ரலில் வத்திக்கானின் சர்வதேச இறையியல் குழு, அந்தக் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்ப இடமுண்டு என்றது. லிம்போ ஒருநாளும் விசுவாசக் கோட்பாடாக இருந்ததில்லை என்றும் விளக்கியது. இருக்கலாம். ஆனால் பல நூற்றாண்டுகளாகப் பிள்ளையைப் புதைத்த தாய்மார்களிடம் அந்த நுணுக்கத்தை யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

பெரியவர்கள் கதைக்கு வருவோம். திருச்சபைக்கு வெளியே இருப்பவர்கள் சாவதற்குள் வந்து சேராவிட்டால் நித்திய நெருப்புதான் என்று 1442-இல் புளோரன்ஸ் சங்கம் பட்டியல் போட்டு அறிவித்தது. 500 ஆண்டு கழித்து, பாஸ்டனில் லெனார்ட் ஃபீனி என்ற குருவானவர் அதையே எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொண்டு போதித்தார். மேலிடம் கூப்பிட்டது, அவர் போகவில்லை. 1953-இல் அவரையே திருச்சபைக்கு வெளியே தள்ளினார்கள். வெளியே மீட்பில்லை என்றவரை வெளியே நிறுத்தியதில் உள்ள வேடிக்கையை அன்றே பலர் சொல்லிச் சிரித்திருப்பார்கள்.

1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தன் குற்றமில்லாமல் கிறிஸ்துவை அறியாதவர், நேர்மையாகக் கடவுளைத் தேடி மனசாட்சிப்படி நடந்தால் மீட்படைய முடியும் என்றது. இது சவேரியார் ஜப்பானில் சொன்னதேதான். அவரும் மனசாட்சியைத்தான் சொன்னார். அவர் அதை வைத்து உங்கள் முன்னோருக்குச் சாக்கு இல்லை என்றார். சங்கம் அதையே வைத்து அவர்களுக்கு வழி உண்டு என்றது. பிடி ஒன்றுதான், இழுத்த திசை வேறு. திசை மாற 400 ஆண்டு ஆகியிருக்கிறது.

எங்கள் பங்கில் இருந்த ஒரு வயதான சாமியாரிடம், கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கியிருந்த பெண் ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள். “சாமி, எங்கப்பா வேதக்காரர் இல்ல. அவருக்குப் பூசை ஒப்புக்கொடுக்கலாமா?” அவர் பூசைக் கருத்து எழுதும் நோட்டை எடுத்து, “பேரச் சொல்லும்மா” என்றார். மறுநாள் காலைப் பூசையில் அந்தோணி, சூசையம்மாள் என்ற பெயர்களுக்கு நடுவே சுடலைமுத்து என்று வாசித்தார். பின்வரிசையில் ஓரிரு தலைகள் திரும்பின. அவர் சலுகை எதுவும் காட்டிவிடவில்லை. உயிரோடிருப்பவர், இறந்தவர் யாருக்காகவும் குரு பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்று 1983-இன் திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது.

அப்படியானால் மிஷனரிகள் எதற்கு, ஊர் ஊராகப் போய்ச் சொல்வானேன் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1990-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இதற்காகவே ஒரு சுற்றுமடல் எழுத வேண்டியிருந்தது. நல்ல செய்தியைச் சொல்ல நரக பயம் துணைக்கு வேண்டும் என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்ட என் சித்தப்பா மகன் இதைக் கேட்டால் கொதித்துப்போவான். நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளாத விஷயங்களில் எங்கள் பூட்டன் சேர்ந்து வெகுநாளாகிறது. சவேரியாரின் அந்தக் கடிதத்தைப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். கத்தோலிக்கப் புனிதர் எழுதியது என்பதால் தொடமாட்டான்.