செத்தவர் மீது வழக்கு

என்கவுன்ட்டரில் ஒருவர் சுடப்பட்டால், பெரும்பாலும் முதல் வழக்கு செத்தவர் மீதுதான் பதிவாகும். போலீஸாரைக் கொல்ல முயன்றார், தற்காப்புக்காகச் சுட்டோம் என்று எழுதுவார்கள். குற்றவாளிதான் இறந்துவிட்டாரே என்று கோப்பையும் மூடிவிடுவார்கள். சுட்டவர் நீதிமன்றக் கூண்டில் ஏறுவது அரிது.

இதை மாற்றத்தான் கே.ஜி.கண்ணபிரான் ஆயுள் முழுக்கப் போராடினார். 1929-ல் மதுரையில் பிறந்தவர். சென்னையில் வக்கீல் தொழிலைத் தொடங்கி ஐதராபாத்துக்குப் போனவர். தூக்குத் தண்டனை பெற்ற பூமையா, கிஷ்டா கவுட் என்ற இரு விவசாயிகளைக் காப்பாற்றக் கடைசி நேரம் வரை போராடியவர்களில் அவரும் ஒருவர். நெருக்கடி நிலையின்போது, 1975 டிசம்பர் 1 அன்று, அவர்களைத் தூக்கிலிட்டார்கள். 1978 முதல் 1994 வரை கண்ணபிரான் ஆந்திர சிவில் உரிமை இயக்கத்துக்குத் தலைமை தாங்கினார். அதன் துணைத் தலைவரான வாரங்கல் குழந்தை மருத்துவர் ராமநாதம் 1985-ல் தன் கிளினிக்கிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போதும் கண்ணபிரான் ஒதுங்கவில்லை.

அவருடைய வாதம் மிக எளிது. தற்காத்துக்கொள்ளும் உரிமை போலீஸாருக்கும் உண்டு. ஆனால் தற்காப்புக்காகத்தான் சுட்டோம் என்பதை உங்களையும் என்னையும் போல அவர்களும் நீதிமன்றத்தில்தான் மெய்ப்பிக்க வேண்டும். அதற்கு முதலில் சுட்டவர் மீது வழக்குப் பதிவாக வேண்டும். 2009 பிப்ரவரி 6 அன்று ஆந்திர உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை ஏற்றது. உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் 30 அன்று கண்ணபிரான் காலமானார். என்கவுன்ட்டர் சாவுகளை எப்படி விசாரிக்க வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்தது, அவர் தேசியத் தலைவராக இருந்த மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் வழக்கில்தான்.

2019 டிசம்பரில், அவர் வாழ்ந்த ஐதராபாத்துக்கு அருகே, ஒரு பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்து கொன்ற வழக்கில் பிடிபட்ட நால்வரைப் போலீஸார் சுட்டுக் கொன்றபோது மக்கள் பூத்தூவினார்கள். அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததை நினைத்தால் எனக்கும் இரத்தம் கொதிக்கிறது. ஆனால் உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள் என்றது. சுடப்பட்டவர்களில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும், போலீஸார் பத்துப் பேரைக் கொலைக் குற்றத்துக்காக விசாரிக்க வேண்டும் என்றும் சொன்னது. அன்று பூத்தூவியவர்கள் அந்த அறிக்கையை ஒருமுறையாவது படிக்க வேண்டும்.